தீக்குச்சி வில்லன்

சினிமாவில் நான் மொத்தம் நாலு நிமிஷம் வில்லனாக வந்திருக்கிறேன். அதிலும் அரை நிமிஷம் முதுகுதான் தெரியும். அந்த நாலு நிமிஷத்தால் எனக்குப் பேசிய கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது.

இப்போது இதை எழுத உட்கார்ந்ததற்கு என் மகள்தான் காரணம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்ட கை காய்வதற்குள் டிவியில் ஒரு த்ரில்லர் படம் போட்டுவிடுவாள். அவளும் அவள் அம்மாவும் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, கொலைகாரன் யார் என்று பந்தயம் கட்டுவார்கள். எங்கள் காலத்தில் அந்தப் பந்தயத்துக்கே வேலை இல்லை. கறுப்பாக, கன்னத்தில் தழும்போடு, கண் சிவந்த ஒருவன் திரையில் வந்து நின்றால் அவன்தான். தகரத்தைத் தரையில் இழுத்துக்கொண்டு போவதுபோல் பின்னால் ஒரு சத்தமும் வரும். தியேட்டரில் தூங்கிக்கொண்டிருக்கிறவன்கூட எழுந்து, "வந்துட்டாம்லே" என்பான். இப்போதைய படங்களில் வில்லன் கண்ணாடி போட்டுக்கொண்டு, தேய்த்த சட்டையோடு செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறான். கதாநாயகி துரத்துகிறாள், அவன் ஓடுகிறான். போன வாரம் ஒரு படம் முடிந்ததும் என் மனைவி சொன்னாள்:

"இப்ப உள்ள வில்லன்லாம் மாப்பிள்ள மாதிரி இருக்கான். மாப்பிள்ளயப் பாத்தாத்தான் சந்தேகமா இருக்கு."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பின் கதை மகளுக்கு அரைகுறையாகத்தான் தெரியும். முழுசாக எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

அப்போது நான் கண்டக்டர். சீவலப்பேரிக்கும் திருநெல்வேலி ஜங்ஷனுக்கும் ஓடுகிற ஒரு தனியார் டவுன் பஸ். காலை நடையில் கீரைக்கட்டும் வெண்டைக்காய் மூட்டையும் ஏறும். பிறகு நாற்று நடப் போகிற பெண்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், காலேஜ் பிள்ளைகள். எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. அதற்கு மேல் எனக்குத் தெரிந்த பேச்செல்லாம் அந்த பஸ்ஸில் ஏறி இறங்கியவர்களுடையது. யாராவது நல்லதாக ஒன்று சொல்லிவிட்டால் டிக்கெட் கட்டின் பின்னட்டையில் எழுதி வைத்துக்கொள்வேன். ஒருநாள் நிற்க இடமில்லாத கூட்டம். கீரைக்காரம்மா கூடையோடு ஏறிவிட்டார். எங்கே நிற்பீர்கள் என்று கேட்டேன்.

"எல்லாரும் மூச்ச உள்ள இழுங்க. வெளிய விடுததுக்குள்ள நான் எறங்கிருதேன்" என்றார்.

அந்த பஸ்ஸின் முன்படிக்கு நேர் மேலே ஓர் இரும்புக் கம்பி உண்டு. பட்டறையில் யாரோ அளவு தவறித் தாழ்த்தி ஒட்டிவிட்டார்கள். குள்ளமானவர்களுக்கு ஒன்றுமில்லை. கொஞ்சம் உயரமாக இருந்து, அவசரத்தில் இறங்கினால் நெற்றியில் டங்கென்று விழும். முதலாளி அண்ணாச்சியிடம் எத்தனையோ தடவை சொல்லியாயிற்று. "ஒரு தடவ இடிச்சவன் மறு தடவ குனிவாம்லா" என்பார். அதனால் யார் இறங்கினாலும் என் இடது கை அந்தக் கம்பிக்கு அடியில் போய் நின்றுகொள்ளும். மெதுவாக இறங்கச் சொல்லி வாய், "பைய, பைய" என்னும். இரண்டும் நான் நினைத்துச் செய்தவை அல்ல. பஸ் நின்றால் தானாக வரும்.

ஒரு மார்கழியில் சினிமாக் கம்பெனிக்காரர்கள் வந்து அண்ணாச்சியிடம் எங்கள் பஸ்ஸை மூன்று நாளைக்குக் கேட்டார்கள். பாபநாசத்தில் படப்பிடிப்பு. பஸ்ஸோடு டிரைவரும் நானும் போனோம். டிரைவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே ஊர்க்கதை முழுவதையும் பேசுவார். பேச்சு தீராவிட்டால் நிறுத்தத்திலிருந்து வண்டியை எடுக்க மாட்டார்.

கதை இதுதான். கதாநாயகி ஒரு கொலையைப் பார்த்துவிடுகிறாள். வில்லனின் அடியாள் அவள் போகிற பஸ்ஸில் ஏறி, முன்படியில் நின்று முறைக்கிறான். பஸ் நிற்கிறது. அவள் அவனைத் தாண்டிக் குதித்து ஓடுகிறாள். அவன் பின்னாலேயே போய் மலையடிவாரத்தில் பிடித்துவிடுகிறான். அடியாளாக நடிக்க மெட்ராஸிலிருந்து ஒரு தடியான ஆளைக் கூட்டி வந்திருந்தார்கள். அவர் வந்த அன்றே ஆசையாக அருவியில் குளித்தார். மறுநாள் காலையில் கண் வீங்கி, மூக்கு ஒழுகி, அடுக்கடுக்காகத் தும்மினார். தும்முகிற அடியாளைப் பார்த்து யார் பயப்படுவார்கள்? டைரக்டர் தலையில் கை வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குள் வந்தார். என்னைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டார்.

என் இடது புருவத்திலிருந்து கன்னம் வரை ஒரு தழும்பு உண்டு. ஏழு வயதில் பனை மட்டையை வைத்து விளையாடும்போது அதன் ரம்பப் பல் போன்ற கருக்கு கிழித்தது. டைரக்டர் கிட்டே வந்து விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இது ஒரிஜினலா?"

"ஒரிஜினல்தான் சார். கடைல வாங்கல" என்றார் டிரைவர்.

அப்படித்தான் நான் வில்லன் ஆனேன். ஒப்பனைக்காரருக்கு அன்று வேலையே இல்லை. "ஆண்டவனே போட்டு அனுப்பியிருக்கான்" என்று பெட்டியை மூடிவிட்டார்.

டைரக்டர் எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. "நீ ஓடக் கூடாது. வில்லன் ஓடினா பயம் போயிடும். அவ ஓடுவா, நீ நடப்ப. நடந்தே பிடிச்சிடுவ."

டிரைவருக்குப் பொறுக்கவில்லை. "அது எப்படி சார்? எங்க ஊர்ல ஓடுத கோழிய நடந்து பிடிச்சவன் ஒருத்தனும் கெடையாது."

"சினிமால பிடிக்கலாம்."

கதாநாயகிக்கும் ஒரு சட்டம் இருந்தது. ஓடும்போது திரும்பித் திரும்பிப் பார்க்க வேண்டும், கடைசியில் விழ வேண்டும். அவள் வடக்கேயிருந்து வந்த பெண், நல்ல உயரம். அவளுக்குத் தெரிந்த ஒரே தமிழ் வார்த்தை "காப்பாத்துங்க". வேடிக்கை பார்க்க வந்த பெண்களுக்கு அவள் காட்டுப் பக்கம் ஓடியது பிடிக்கவில்லை. ஒத்திகை பார்க்கும்போதே ஒரு அம்மா சத்தமாகக் கேட்டார்:

"ஏட்டி, எதுத்தாப்புல டீக்கடைல பத்து ஆம்பளயாளு நிக்கான். அத விட்டுட்டு இவ எதுக்கு முள்ளுக்குள்ள ஓடுதா?"

 டைரக்டர் டீக்கடையை மறைத்து கேமராவைத் திருப்பி வைத்தார்.

முதல் தடவை எடுத்தார்கள். நான் முன்படியில் நின்று முறைத்தேன். பஸ் நின்றது. கதாநாயகி அலறிக்கொண்டு ஓடிவந்து என்னைத் தாண்டி இறங்கினாள். என் வாய், "பைய, பைய" என்றது.

"கட்! யாருய்யா பேசுனது?"

இரண்டாம் தடவையும் அதே. மூன்றாம் தடவையும் அப்படியே ஆனதும் டைரக்டர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, நீ அவளக் கொல்லப் போற. கொல்லப் போறவன் பாத்து எறங்கச் சொல்லுவானா?"

"தெரியாம வந்திருது சார்."

நான்காம் தடவை பல்லைக் கடித்துக்கொண்டேன். அவள் இறங்குகிறவரை வாயைத் திறக்கவில்லை. இறங்கி முடித்ததும், ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் கை தானாகக் கூரையைத் தட்ட, "போலாம், ரைட்" என்றுவிட்டேன். அந்தச் சத்தத்துக்கு எத்தனையோ வருஷமாக வண்டியை எடுத்துப் பழகிய டிரைவர் அப்போதும் எடுத்துவிட்டார். கேமரா, கேமராக்காரர், வில்லன் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு பஸ் அணைக்கட்டுச் சாலையில் போய்க்கொண்டிருந்தது. கதாநாயகி நடு ரோட்டில் தனியாக நின்று, துரத்த ஆளில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்ததும் டைரக்டர் என் எதிரில் வந்து நின்றார். தீப்பெட்டியிலிருந்து ஒரு குச்சியை எடுத்து என் பல்லுக்கு நடுவில் வைத்தார். "இதக் கடிச்சுக்க. கீழ விழுந்துச்சு, நீ ஊருக்குப் போயிடலாம்."

குச்சி விழவில்லை. ஐந்தாம் தடவை சரியாக வந்தது. பிறகு அவள் ஓடினாள், நான் நடந்தேன். மண்ணுக்கு அடியில் வைக்கோல் பரப்பி வைத்திருந்த இடத்தில் அவள் சரியாக விழுந்தாள். நான் குனிந்தபோது, "விடுலே அந்தப் பிள்ளய!" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. சாயங்காலம் அந்தப் பெண் கிளம்பும்போது எங்கள் பஸ்ஸைப் பார்த்துக் கையசைத்து, "பைய, பைய" என்றாள். அவளுடைய இரண்டாவது தமிழ் வார்த்தை நான் கொடுத்தது.

படம் வந்தது. டிரைவரும் நானும் ஜங்ஷன் பக்கம் ஒரு தியேட்டரில் போய்ப் பார்த்தோம். என் முகம் சுவர் அகலத்துக்கு வந்து நின்றது. தழும்பு ஒரு வாய்க்கால் மாதிரி இருந்தது. தகரச் சத்தமும் போட்டிருந்தார்கள். வாயில் ஆடாமல் நின்ற தீக்குச்சியைப் பார்த்துத் தியேட்டரே விசிலடித்தது. பேச்சை அடைக்க வைத்த குச்சி என்று யாருக்குத் தெரியும்? அடுத்த வாரம் காலேஜ் பையன்கள் நாலு பேர் வாயில் தீக்குச்சியோடு என் பஸ்ஸில் ஏறினார்கள். டிக்கெட் கேட்டால் பதில் சொல்லாமல் முறைத்தார்கள்.

முதலில் எல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது. கீரைக்காரம்மா தினமும் ஏறும்போதே ஆரம்பித்துவிடுவார்.

"ஏலே வில்லா, அந்தப் பிள்ள ஒனக்கு என்னலே செஞ்சுது?"

"ஒண்ணும் செய்யலத்தா. டிக்கெட் எடுக்காம எறங்கிட்டா."

பஸ்ஸே சிரிக்கும். ஆனால் ஒருநாள் மத்தியான நடையில் நாலைந்து பேர்தான் இருந்தார்கள். ஒரு நிறுத்தத்தில் எல்லோரும் எழுந்தார்கள். தினமும் வருகிற ஒரு காலேஜ் பிள்ளை, அவள் ஊருக்கு இன்னும் மூன்று நிறுத்தம் இருக்கிறது, அவர்களோடு சேர்ந்து அவளும் எழுந்துவிட்டாள். தனியாக என்னோடு வரப் பயம். படியில் கால் வைக்கும்போது வழக்கம்போல், "பைய" என்றேன். அவள் குதித்து ஓடியே போய்விட்டாள். பின்கண்ணாடி வழியாகப் பார்த்தேன். புத்தகத்தைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு வேகாத வெயிலில் நடந்துகொண்டிருந்தாள். அடுத்த நிறுத்தத்தில் டிரைவர் கதை பேச நிற்காமல் வண்டியை எடுத்துவிட்டார்.

கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்ததும் அப்போதுதான். எனக்கு முப்பது தாண்டிவிட்டது. தழும்பைப் பார்த்து ஏற்கெனவே இரண்டு இடம் கைவிட்டுப் போயிருந்தது. அம்பையில் வாழ்க்கைப்பட்டிருந்த என் அக்கா, ஆற்றுக்கு அந்தப் பக்கம் கல்லிடைக்குறிச்சியில் ஒரு இடம் பார்த்தாள். அம்மாவும் மகளுமாக வீட்டில் அப்பளம் போடுகிறவர்கள். என் போட்டோவைப் பார்த்துவிட்டு, "அந்தத் தழும்பு இப்பவும் வலிக்குமான்னு கேளுங்க" என்று அந்தப் பெண் கேட்டாளாம். அக்கா இதை வந்து சொன்னதிலிருந்து எனக்கு வேறு இடம் பார்க்க வேண்டாம் என்று ஆகிவிட்டது. இத்தனை வருஷத்தில் அதை ஒருவரும் கேட்டதில்லை. எப்படி வந்தது என்றுதான் கேட்பார்கள்.

அந்த நேரம் பார்த்து அவள் அம்மா படத்துக்குப் போய்விட்டார். மறுநாளே அக்கா என்னைத் தேடி பஸ்ஸுக்கு வந்துவிட்டாள்.

"வேண்டாங்காவ" என்றாள், ஏறி உட்காருவதற்கு முன்னாலேயே.

"நடிப்புன்னு சொன்னியாக்கா?"

"சொல்லாம இருப்பனா? 'கையி கால வச்சு நடிக்கலாம்மா, முழிய வச்சு எப்படி நடிக்க? முழி உள்ள இருந்துல்லா வருது'ங்காவ. நான் என்னத்தச் சொல்ல?"

எனக்கு வந்த கவலையிலும் அந்தப் பேச்சு நன்றாக இருக்கிறதே என்று தோன்றியது. டிக்கெட் அட்டையில் எழுதவும் செய்தேன்.  அந்தக் கண்ணை மாற்ற வழி இருக்கிறதா என்று, பஸ் நிற்கிற இடத்திலெல்லாம் பக்கக் கண்ணாடியில் சிரித்துப் பார்த்துக்கொண்டேன். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு டிரைவர் சொன்னார்:

"சிரிக்காதயும்வே. சிரிச்சா இன்னும் பயமா இருக்கு."

பத்து நாள் கழித்து அக்காவிடமிருந்து தகவல் வந்தது. அந்தப் பெண் தானும் படத்தைப் பார்த்தாளாம். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. பார்த்துவிட்டு வந்து, நேரில் ஒன்று கேட்க வேண்டும், அதற்கு மட்டும் வரச் சொல்லுங்கள் என்றாளாம். அவள் அம்மாவுக்கு அரை மனசு. போகும் வழியில் அக்கா என்னைத் தயார் செய்துகொண்டே வந்தாள்.

"ரொம்ப நம்பாத. அந்த வீட்ல ஒரு பழக்கம் உண்டு. யாரு வந்தாலும் காப்பி குடுப்பாவ, அப்பளம் பொரிக்க மாட்டாவ. அது விக்கித பொருளாம். சொந்தக்காரங்களுக்குத்தான் பொரிப்பாவளாம். காப்பியோட எந்திச்சா நாம பேசாம வந்துரணும்."

முற்றத்துக் கட்டில்களில் வெள்ளைத் துணி விரித்து அப்பளம் காய்ந்துகொண்டிருந்தது. உளுந்தும் பிரண்டையும் கலந்த வாசனை. என்னைப் பார்த்ததும் பெண்ணின் அம்மா ஒரு அடி பின்னால் போனதை நான் கவனித்தேன். காப்பி வந்தது. குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தேன். பிறகு அவள் கதவுப் பக்கத்திலிருந்து வந்து நின்றாள். கையில் மாவு ஒட்டியிருந்தது.

"அந்தப் பிள்ள பஸ்ஸ விட்டு எறங்கும்போது, நீங்க மேல உள்ள கம்பில ஒரு கைய வச்சியள்லா? அது டைரக்டர் சொல்லிக் குடுத்ததா?"

எனக்கு முதலில் புரியவில்லை. நான் கையை வைத்தேனா? நானும்தான் படத்தைப் பார்த்தேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் கை கண்ணில் படவில்லை.

"இல்ல. அந்தக் கம்பி தாழ்வா இருக்கும். எறங்குதவங்க தலைல இடிக்கும். அந்தப் பிள்ள வேற நெட்டை" என்றேன்.

பிறகு வாய் நிற்கவில்லை. "பைய, பைய" என்று சொல்லி மூன்று தடவை கெட்டது, பஸ் கேமராவோடு போனது, குச்சியை வாயில் வைத்தது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அக்கா என் காலை மிதித்துக்கொண்டே இருந்தாள். அந்தப் பெண் சிரிக்காமல் கேட்டுவிட்டு அம்மாவிடம் திரும்பினாள்.

"கொல்ல வாரவன் தலைல இடிக்காம இருக்க எதுக்கும்மா கைய வைக்கான்? மொத தடவ பாக்கும்போது எனக்கே சரியாத் தெரியல. அதுக்குத்தான் ரெண்டாம் தடவ போனேன்."

அவள் அம்மா என் அருகில் வந்தார். "எந்தக் கையி?"

இடது கையைக் காட்டினேன். புரட்டிப் பார்த்தார். ஒவ்வொரு தலை இடிக்கும்போதும் புறங்கை கம்பியில் நசுங்கும். விரல் முட்டிகளுக்குப் பின்னால் வரிசையாகக் காய்ப்பு ஏறிக் கறுத்திருந்தது. அந்த அம்மாவின் கையிலும் குழவி பிடித்த காய்ப்பு இருந்தது. என் கையைச் சட்டென்று விடவில்லை.

"நான் முழியத்தான் பாத்தேன்" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. பிறகு மகள் பக்கம் திரும்பினார்: "ஏட்டி, எண்ணெய வையி. நாலு அப்பளம் பொரி."

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கல்யாணத்துக்கு அண்ணாச்சி அதே பஸ்ஸை ஒரு நாள் விட்டுக்கொடுத்தார். கல்லிடைக்குறிச்சியில் தாலி கட்டி, சீவலப்பேரிக்குப் பெண்ணை அழைத்து வந்தோம். கீரைக்காரம்மா டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து வழியெல்லாம் வில்லன் கதை சொல்லிக்கொண்டு வந்தார். ஊரில் பஸ் நின்றதும், கதாநாயகி இறங்கியதுபோல் கையை உதறிக்கொண்டு அவர்தான் முதலில் இறங்கினார். மாப்பிள்ளை முதலில் இறங்கிப் பெண்ணுக்குக் கை கொடுக்க வேண்டும். நான் இறங்கவில்லை. கழுத்தில் மாலையோடு முன்படியில் என் இடத்தில் நின்றுகொண்டேன்.

"எறங்கும்வே மாப்பிள்ள! டூட்டியா பாக்கீரு?" என்று டிரைவர் கத்தினார்.

அவள் எழுந்து வந்தாள். உயரம் அதிகம், தலையில் பூ வேறு. "குனிம்மா, கம்பி, கம்பி" என்று கீழேயிருந்து நாலு பேர் சத்தம் போட்டார்கள். அவள் குனியவில்லை. நேராக வந்தாள். பூ என் உள்ளங்கையில் உரசியது. கடைசிப் படியில் ஒரு காலை வைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"எனக்குச் சொல்ல மாட்டியளா?"

"என்னத்த?"

"எல்லாருக்கும் சொல்லுவியளாம்லா."

கல்யாணத்துக்கு வந்த மொத்தக் கூட்டமும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. வாயில் குச்சி எதுவும் இல்லை.

"பைய, பைய" என்றேன்.